மகளின் சிறப்பு இருக்கைக்கு நிதி தந்த அறக்கட்டளை: எங்கள் அனுபவம்

என் மகளுக்கு வயது ஏழு. செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை. உடல் அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அளவுகோலில் அவள் ஐந்தாம் நிலை, அதுதான் மிகக் கடுமையானது. தலையையும் முதுகையும் நிமிர்த்தி வைத்திருப்பதே அவளுக்குப் பெரும்பாடு. அவளுக்கு ஏற்ற இருக்கை வாங்க ஓர் அறக்கட்டளை முழுத் தொகையையும் கொடுத்தது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள் எந்த அறக்கட்டளையிடம் போனாலும் கவனிக்க வேண்டிய விஷயங்கள்தான் இதில் இருக்கின்றன.

இதற்கு முன்பு வேறொரு அமைப்பு எங்களுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தது. விழா, மேடை, புகைப்படம் எல்லாம் நடந்தது. வந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே அளவு நாற்காலி. என் மகள் அதில் உட்கார்ந்தால் கால் தொங்கும், இடுப்பு முன்னால் நழுவும், சற்று நேரத்தில் உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். கொடுத்தவர்களின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பொருந்தாத நாற்காலி ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்யும். அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த அறக்கட்டளை முதலில் கேட்டது தெரபிஸ்ட்டின் மதிப்பீட்டு அறிக்கையைத்தான். டாக்டர் கடிதம் மட்டும் போதாது என்றார்கள். குழந்தையால் இப்போது என்ன முடிகிறது, இந்த இருக்கை வந்தால் எது சாத்தியமாகும், வேறு எந்த மாடல்களைப் பார்த்தீர்கள், அவை ஏன் சரிப்படவில்லை என்று கேள்விகள் நீண்டன. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் முறை அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் சக்கர நாற்காலி வழங்குவது பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில் எட்டுப் படிகள் இருக்கின்றன. பணமும் ஆர்டரும் நான்காவது படி. மதிப்பீடும் தேர்வும் அதற்கு முன்னால் வருகின்றன. பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பிறகு பழுது பார்ப்பது எல்லாம் அதற்குப் பின்னால். நான்காவது படியோடு நிறுத்திக்கொள்ளும் உதவிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அளவெடுத்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தெரபிஸ்ட் முதலில் இடுப்பைத்தான் பிடித்தார். "இடுப்பு அசையாம இருந்தாத்தான்மா முதுகு நிக்கும். முதுகு நின்னா தலை நிக்கும். தலை நின்னாத்தான் கண்ணும் கையும் வேலை செய்யும்" என்றார். இடுப்பின் அகலம், பின்புறத்திலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை உள்ள நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை என்று ஒவ்வொன்றாக அளந்தார். இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டுமாம். இல்லாவிட்டால் விளிம்பு அழுத்தி, குழந்தை தானாகவே முன்னால் நழுவும்.

அப்புறம் சாய்வு. முதுகுப் பகுதி மட்டும் பின்னால் சாயும் நாற்காலி விலை குறைவு. ஆனால் அதில் இடுப்பின் கோணம் விரியும். என் மகளைப் போன்ற குழந்தைகளுக்கு உடல் விறைத்து நீட்டிக்கொள்ளும், நழுவுவார்கள். இருக்கையும் முதுகும் சேர்ந்து அப்படியே சாயும் வகையில் அந்தக் கோணம் மாறாது. நாங்கள் கேட்டது இந்த இரண்டாவது வகை. அறக்கட்டளையிலிருந்து ஒருவர் தெரபிஸ்ட்டையே போனில் அழைத்து, விலை கூடியது ஏன் தேவை என்று கேட்டார். விளக்கம் கிடைத்ததும் பேரம் பேசவில்லை, மலிவான மாடலுக்குத் தள்ளவும் இல்லை. இதற்காகவே அவர்களுக்கு என் முழு மதிப்பெண்.

குழந்தை வளரும் என்பதையும் யோசித்திருந்தார்கள். இருக்கையின் ஆழம், கால்தாங்கியின் உயரம், பக்கத் தாங்கிகள் மூன்றையும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டு, கொட்டேஷனிலேயே எழுதி வாங்கினார்கள். பொருத்துவதற்கான கட்டணமும் அதிலேயே அடங்கியது. அவளுக்குச் சிறியதாகிவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். மெத்தையையும் பட்டைகளையும் மாற்றி இன்னொரு குழந்தைக்குப் பொருத்துவார்கள். படிவத்தில் புகைப்பட அனுமதி என்று ஒரு கட்டம் இருந்தது. வேண்டாம் என்று குறித்தேன். யாரும் மறுபடி கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. குழு கூடும்போதுதான் முடிவு. அதுவரை விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஒரு வரி மெசேஜ் அனுப்பினால் கூட எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். வளரும் குழந்தைக்கு எடுத்த அளவு காத்திருக்காது என்பதை அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். பணம் நேராக விற்பனையாளருக்குத்தான் போகும். நீங்களே கடன் வாங்கி முதலில் வாங்கிவிட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது. இப்படி விதி வைத்திருக்கும் அறக்கட்டளைகள் நிறைய. ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரிய குறை, பழுதுச் செலவுக்கு நிதி கிடையாது என்பது. சாய்வு பொறிமுறை கெட்டால் அந்த இருக்கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, ஒரு தடவை ஓர் உபகரணம்தான் தருவார்கள். அவளுக்கு ஸ்டாண்டிங் ஃப்ரேமும், அதாவது உடலைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டமும் தேவை. எலும்பின் அடர்த்திக்காக நாளுக்கு 60 முதல் 90 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் தாங்கி நிற்க வைப்பதை 2013இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு பரிந்துரைக்கிறது. உட்காருவதா, நிற்பதா என்று பெற்றோரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியில்லை. உதவி உபகரணம் தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் உலகில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022இல் அறிக்கை தந்தன. அறக்கட்டளைகளின் கையிருப்புக்கு எல்லை உண்டு, தெரியும். இருந்தாலும் அவள் எலும்பும் காத்திருக்க முடியாது.

இருக்கை வந்த பிறகு அவள் முகம் எங்கள் முகத்துக்கு நேராக இருக்கிறது. சாப்பிடும்போது புரையேறுவது குறைந்திருக்கிறது. மடியில் வைத்த பொம்மையின் பட்டனைத் தானே அழுத்துகிறாள். அழுத்திவிட்டு அக்கா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறாள். தலையைத் திருப்பவே இவ்வளவு காலம் அவளுக்கு ஆதாரம் இல்லாமல் இருந்தது.

ஸ்டாண்டிங் ஃப்ரேமுக்கு அதே அறக்கட்டளையிடம்தான் மறுபடி விண்ணப்பிக்கப் போகிறோம். தெரபிஸ்ட்டின் அறிக்கை தயாராகிவிட்டது. பழுதுச் செலவையும் நிதியில் சேர்க்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அவர்களிடம் உதவி பெற்ற மற்ற பெற்றோரும் அதையே எழுதினால் நல்லது.