கட்டற்ற மென்பொருள் சங்கத்துக்கு ஆள் தேடுவது: மாணவரா, ஐடி ஊழியரா, உள்ளூர்க்காரரா?

வேலூரில் கட்டற்ற மென்பொருளுக்காக, அதாவது யாரும் பயன்படுத்தி, திருத்தி, பகிர்ந்துகொள்ளக்கூடிய மென்பொருளுக்காகச் சங்கம் நடத்துகிறோம் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? திரும்பின பக்கமெல்லாம் காலேஜ்." நானும் அந்த நம்பிக்கையில்தான் இறங்கினேன். ஆனால் உறுப்பினருக்கு ஆள் தேடுவது வேறு, நிர்வாகக் குழுவுக்கு ஆள் தேடுவது வேறு. இரண்டுக்கும் ஒரே இடத்தில் போய் நின்றதுதான் நாங்கள் செய்த தப்பு.

மாணவர்களை முதலில் பார்ப்போம். காட்பாடியில் விஐடி, பாகாயத்தில் அரசு பொறியியல் கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம், ஊருக்குள்ளேயே ஊரிசு. ஞாயிற்றுக்கிழமை கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் காட்டுகிறோம் என்றால் அறை நிறைந்துவிடும். லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் மெனுவில் தமிழாக்கம் இடறும் இடத்தைக் காட்டினால் அன்று இரவே திருத்தி அனுப்புவார்கள். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியைப் பழக ஒரு சாயங்காலம் போதும் அவர்களுக்கு. ஆனால் தேர்வு வந்தால் கூட்டத்துக்கு ஆள் இருக்காது. கடைசி வருடம் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கிவிட்டால் அதோடு சரி. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டிலேயே முதலாவதாகப் பட்டம் வாங்குகிற பிள்ளைக்கு வேலைதான் முக்கியம். உறுப்பினர்களாக இவர்களைவிட நல்லவர்கள் கிடைக்க மாட்டார்கள். பதவியில் உட்கார வைப்பதுதான் கூடாது.

நாங்கள் உட்கார வைத்தோம். செயலாளராக இருந்த மாணவர் அருமையாக வேலை செய்தார். படிப்பு முடிந்ததும் பெங்களூருக்குப் போய்விட்டார். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து, அதை மாற்றும் தீர்மானத்திலும் அவர் கையெழுத்து வேண்டும். அவர் சென்னைக்குப் போகிற நாளாகப் பார்த்து, தீர்மானப் புத்தகத்தோடு காட்பாடி ஜங்ஷனில் காத்திருந்தேன். பிருந்தாவன் நின்ற கொஞ்ச நேரத்தில், பெட்டி வாசலில் உட்கார்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "சாரிண்ணா" என்று அவர் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. அவர்மேல் என்ன தப்பு? நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத பையன் தலையில் பொறுப்பைக் கட்டியவர்கள் நாங்கள்.

ஐடி ஊழியர்களிடம் திறமையும் உண்டு, கொடுக்கும் மனமும் உண்டு. குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் சனி ஞாயிறு ஊருக்கு வரும்போது சர்வரைப் பார்த்துக்கொள்வார்கள், மாணவர்களின் நிரலைத் திருத்திக் கொடுப்பார்கள். பதிவாளர் அலுவலகம், ஆடிட்டர் என்று அலையும் வேலைகள் பெரும்பாலும் வார நாளில்தான் வரும் என்பதால் அதற்கு இவர்களை நம்ப முடியாது. வெளியில் நிரல் எழுதிக் கொடுக்கக் கம்பெனியின் அனுமதி வேண்டுமா என்று வேலை ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்வதும் நல்லது.

நிர்வாகக் குழுவுக்கு என் ஓட்டு உள்ளூர்க்காரர்களுக்கே. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். குழுவில் குறைந்தது 3 பேர், அதன் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி வரவு செலவை வைக்க வேண்டும். இதில் எதற்கும் பைத்தான் மாதிரி நிரல்மொழி தெரிய வேண்டியதில்லை. எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. முதல் கூட்டத்திலேயே டீ, சமோசாவுக்கு எழுதியிருந்த 340 ரூபாயில் விரலை வைத்து, "பில் எங்கப்பா?" என்றார். பில் இல்லை. வெள்ளைத் தாளில் வவுச்சர் எழுத வைத்து, பணம் கொடுத்தவர், வாங்கியவர் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நூலில் கோத்து வைத்தார். அந்தக் கட்டு இருந்ததால்தான் அந்த வருடத் தணிக்கை ஒரே உட்காரலில் முடிந்தது.

இப்படிப்பட்டவர்களிடம் "சங்கத்துக்கு வாங்க சார்" என்று மொட்டையாகக் கேட்டால் வர மாட்டார்கள். "மாசம் 2 மணி நேரம், கேஷ் புக்கை மட்டும் பார்த்துக் கொடுங்க" என்று வேலையை அளந்து சொல்ல வேண்டும்.

அப்புறம், ஓட்டுரிமை யாருக்கு? பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையில் பணம் கட்டியும் பெறலாம், மாதம் 5 மணி நேரம் உழைத்தும் பெறலாம். லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனில் குறைந்தது 3 மாதம் பங்களித்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் வழிதான். பிழை கண்டு சொல்வதும், பள்ளியில் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் பங்களிப்பு என்று எண்ணினால், நிரல் தெரியாத உள்ளூர்க்காரரும் உள்ளே வருவார்.

இந்த வருடம் பொருளாளர் விலகுகிறார். சத்துவாச்சாரியில் டிடிபி கடை வைத்திருக்கும் அக்காவைக் கேட்டிருக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல்களை, இன்று எங்கும் வாசிக்கக்கூடிய யுனிகோடுக்கு மாற்ற எங்களிடம் வந்தவர் அவர். அன்றிலிருந்து, எந்த எழுத்து எங்கே உடைகிறது என்று துண்டுச் சீட்டில் குறித்து எடுத்துவருகிறார். "ஆடியில கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது தம்பி, அப்ப கணக்கு நோட்டைக் கொண்டாந்து குடு, பார்த்துட்டு சொல்றேன்" என்றார். ஆடி பிறந்ததும் நோட்டோடு போகிறேன்.