தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா: கடலோர வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது

பாம்பன் முதல் தொண்டி வரையிலான ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், பிள்ளை பிறந்த வீட்டில் எந்த எண்ணெயைத் தேய்ப்பது என்ற பேச்சு ஓயாது. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்தில் தோப்பு வைத்திருப்பவர்கள் தேங்காய் எண்ணெய் என்பார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயிலேயே பிள்ளைகளை வளர்த்த மூத்தவர்கள் அதுதான் உடம்புக்கு உறுதி என்பார்கள். என் மகளுக்கு இரண்டையும் மாதக்கணக்கில் தேய்த்த பிறகே என்னால் ஒரு முடிவுக்கு வர முடிந்தது.

நல்லெண்ணெயின் பக்கம் நியாயம் இருக்கிறது. தோலின் காப்புக்கு வேண்டிய லினோலிக் அமிலம் அதில் நிறைய உண்டு. தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் இந்திய ஆய்வில், ஆறு வாரக் குழந்தைகளுக்கு நான்கு வாரம் எண்ணெய் தேய்த்துப் பார்த்தபோது, வளர்ச்சியிலும் தேய்த்த பின் வரும் தூக்கத்திலும் நல்லெண்ணெய் நல்ல பலன் காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்ட எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மும்பையில் நடந்து 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயோடு ஒப்பிட்டபோது, குறைமாதக் குழந்தைகளின் எடை தேங்காய் எண்ணெயால் கூடுதலாக ஏறியது.

ஆய்வுகள் இப்படியிருக்க, எங்கள் வீட்டில் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். எங்கள் தெருக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. நல்லெண்ணெய் அடர்த்தியானது, தோலை எளிதில் விடாது. அதை எடுக்கப் பயத்தமாவு போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் தொடை மடிப்பிலும் தோல் சிவந்து, மாவின் துணுக்குகள் ஈரத்தோடு அங்கேயே ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்க்கு மாறியபின் வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதே போதுமாயிற்று. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழேதான் அது உறையும் என்பதால், எங்கள் கரையில் பெரும்பாலான நாட்களில் சூடுபடுத்தும் வேலையும் இல்லை. இருந்தாலும் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் எந்த எண்ணெயையும் பூசி அப்படியே விட்டுவிட்டால் வேர்க்குரு கூடும். அந்த மாதங்களில் உள்ளங்கையில் சில சொட்டுகளே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டுமானால் நல்லெண்ணெயைக் கால்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். எள் ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. முதலில் தொடையில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

வளைகுடாவில் இருந்து உறவினர்கள் கொண்டுவரும் ஆலிவ் எண்ணெயை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் காப்பைத் தளர்த்தும். கடுகு எண்ணெயும் பச்சிளம் தோலுக்கு உகந்ததல்ல. கடையில் விற்கும் பேபி ஆயில் வாங்குவதானால் வாசனை சேர்க்காததை வாங்குங்கள்.

எண்ணெயைவிடப் பெரிய வேறுபாடு கையில் இருக்கிறது. நீட்டிய காலில் குழந்தையைக் குப்புறப் போட்டு, கைகால்களைக் குறுக்கே இழுத்து, மூக்கைப் பிடித்து நீவும் முறை ஒன்று. பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல வருடும் முறை இன்னொன்று. "நீவி விடலைன்னா புள்ளைக்கு உறுதி எப்படித்தா வரும்?" என்று என் அப்பத்தா கேட்டபோது, "உறுதி பாலுலயும் அது தானா உதைக்கிறதுலயும் வரும், அப்பத்தா. நீங்க மெதுவாத் தடவிக் குடுங்க, உங்க கை பட்டா அவ தூங்கிருவா" என்றேன். அன்றிலிருந்து அப்பத்தாவின் கை தளர்ந்தது. அந்தக் கையின் பழக்கமும் நிதானமும் எனக்கு இன்றும் வரவில்லை.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும், நலமாகப் பிறந்த நிறைமாதக் குழந்தைக்கு மென்மையாக உடம்பு முழுவதும் வருடிவிடலாம் என்றே கூறுகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை மட்டும் எந்தப் பாசத்துக்காகவும் ஏற்கக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். தொப்புள்கொடி உதிரும்வரை அங்கும் எண்ணெய் படக் கூடாது. உச்சிக்குழியை அழுத்தக் கூடாது.

பால் குடித்து முக்கால் மணி நேரம் கழித்து, கடற்காற்று நேரே அடிக்கும் சன்னலைச் சாத்திவிட்டு, காலில் தொடங்குங்கள். வயிற்றில் குழந்தையின் வலப்பக்கத்திலிருந்து மேலேறி இடப்பக்கம் இறங்கும் வட்டமாக விரல்களை நகர்த்தினால், குடல் செல்லும் போக்கில் வாயு பிரியும். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, முதுகை வளைத்து விறைத்தாலோ, எண்ணெய் மிச்சமிருந்தாலும் கையை எடுத்துவிட்டுத் துணியில் பொதிந்து தூக்கிக்கொள்ளுங்கள்.