எலும்பு ஓ.பி.யா, எலும்பு கிளினிக்கா? நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு

"அக்கா, டி.எச். ரோடாண்ட எலும்பு டாக்டர் கிளினிக்ல ஆள் கேக்குறாங்க. அம்மா இன்னான்னா எம்.ஆர்.பி.க்குப் படின்றாங்க. எதுக்குப் போறது?"

காசிமேட்டுப் பெண். ஜி.என்.எம். என்கிற நர்ஸிங் டிப்ளமோ முடித்து நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் போட்டுவிட்டாள். எம்.ஆர்.பி. என்பது அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் தேர்வு வாரியம். நான் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, அதன்பிறகு வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் எலும்பு கிளினிக்கில் சேர்ந்தவள். இரண்டு பக்கமும் அடிபட்டவள் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சம்பளம் கடைசியில். முதலில் கை என்ன வேலை செய்யப் போகிறது என்று பார்ப்போம்.

அரசு ஆஸ்பத்திரி எலும்பு ஓ.பி.யில் நீங்கள் சேர்ந்தால் உடனே மாவுக்கட்டு போடக் கற்றுக்கொள்வீர்கள் என்று நினைக்காதீர்கள். அங்கே கட்டு ரூமுக்கென்று டெக்னீஷியன் இருப்பார், மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர்கள் இருப்பார்கள், நோயாளியைத் தூக்கிப் பிடிக்க எம்.என்.ஓ. (ஆண் உதவியாளர்) அண்ணன் இருப்பார். நர்ஸுக்கு வருவது ஊசி, டிரஸ்ஸிங், தையல் பிரிப்பது, ஸ்டாக் ரிஜிஸ்டர், மருந்து கேட்டு எழுதுகிற இண்டென்ட், வரிசையில் நிற்கிறவர்களின் கோபம். விபத்துக் கேஸ் என்றால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் காப்பி கையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்றும் உண்டு: அங்கே நீங்கள் எலும்பு நர்ஸ் கிடையாது. இன்றைக்கு எலும்பு, அடுத்த ரவுண்டில் மெடிசின் வார்டு, அதற்கடுத்து லேபர் வார்டு. பிடித்த இடத்தில் நீடித்து உட்காரும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆனால் அங்கே பார்க்கிற கேஸை கிளினிக்கில் ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு, உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்த காலுக்கு வெளியே கம்பி மாட்டி வருகிறவர்கள். அந்தக் கம்பி தோலுக்குள் போகிற ஒவ்வொரு துளையையும் சலைனில் துடைத்து, சிவப்பாக இருக்கிறதா, சீழ் கசிகிறதா என்று பார்த்துப் பழகினால் கண் தானாகத் தேறும். விசைப்படகு வின்ச்சில் விரல் மாட்டியவர்கள் வருவார்கள். ஓல்டு ஜெயில் ரோட்டு ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கே தனிப் பிரிவு இருப்பது வடசென்னைக்குப் பெரிய கொடுப்பினை. பாதம் உள்பக்கம் திரும்பிப் பிறக்கிற குழந்தைகளும் பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள். வாரம் ஒரு கட்டு வீதம் ஐந்தாறு கட்டு, பிறகு குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு, அப்புறம் மூன்று மாதம் நாள் முழுக்க ஷூ, அதற்கப்புறம் நாலு வயசு வரை ராத்திரியில் மட்டும். அந்த ஷூவை அம்மா பாதியில் கழற்றி வைத்துவிட்டால் பாதம் மறுபடி திரும்பிவிடும். அதைத் திட்டாமல் புரியவைப்பது நர்ஸ் வேலை.

கிளினிக் நேரெதிர். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கினால் டோக்கன் கொடுப்பதும் நீங்கள், போன் எடுப்பதும் நீங்கள், எக்ஸ்ரே படத்தைத் தேதி பார்த்து அடுக்குவதும் நீங்கள். டாக்டர் கூப்பிட்டால் கட்டு ரூம். இதில் பாதி வேலை நர்ஸ் படிப்பில் வராதது, அதைச் சொல்லிப் புலம்பிப் பிரயோஜனமில்லை. ஆனால் அந்தக் கட்டு ரூம் இருக்கிறதே, அது உங்களுடையது.

முதல் வாரமே கற்றுக்கொள்வீர்கள். பக்கெட்டில் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சூடாக இருந்தால் மாவு சட்டென்று இறுகும், தோலும் சுட்டுவிடும். ரோலைச் சாய்த்து முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, துணி பிழிகிற மாதிரி முறுக்காமல் இரண்டு முனையையும் உள்பக்கம் அழுத்தி லேசாகத் தண்ணீரை விடவேண்டும். டாக்டர் சுற்றும்போது நீங்கள் காலைத் தாங்குவது உள்ளங்கையில். விரல்நுனியில் பிடித்தால் ஈர மாவில் குழி விழும். அந்தக் குழி உள்ளே தோலை அழுத்தி, மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது புண்ணாக வந்து நிற்கும். என் கைவிரல் அடையாளத்தை நானே ஒரு பெரியவர் குதிகாலில் பார்த்திருக்கிறேன். மிச்ச மாவுத் தண்ணீரை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள், பிளம்பருக்குத் தண்டம் அழவேண்டும்.

மாவுக்கட்டா, ஃபைபர் கட்டா என்ற கேள்வியும் கிளினிக்கில்தான் உங்கள் தலையில் விழும். மாவுக்கட்டு விலை குறைவு, கை காலின் வளைவுக்கு நன்றாகப் படியும், புதிதாக வீங்கியிருக்கிற கைக்கு அதுதான் தோது. முழுக்கக் காய இரண்டு நாள் ஆகும், அதுவரை கால் ஊன்றக் கூடாது. ஃபைபர் லேசு, ஒரு மணி நேரத்துக்குள் தாங்கும், காசு கூட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும், நனைந்த மாவுக்கட்டோடு ஒவ்வொருவராகப் படியேறி வந்தார்கள். தொட்டால் களியாக இருந்தது. அன்றைக்கு ஃபைபர்காரர்கள் ஜெயித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஃபைபர் நனையாவிட்டாலும் உள்ளே இருக்கிற பஞ்சு நனையும், தோல் வெந்துபோகும். இரண்டுக்கும் பிளாஸ்டிக் கவர்தான் கதி.

இனி நான் முக்கியமாக நினைக்கும் வித்தியாசம். கட்டு போட்ட முதல் ராத்திரி யார் பார்க்கிறார்கள்?

கிளினிக்கில் சேர்ந்த இரண்டாம் வருஷம். மாடிச் சுவரிலிருந்து விழுந்த ஏழு வயசுப் பையன், முழங்கைக்கு மேலே எலும்பில் விரிசல். டாக்டர் சிலாப் (ஒருபக்க மாவுக்கட்டு) வைத்தார், கிரேப் பேண்டேஜ் சுற்றியது நான். கடைசிச் சுற்றில் நழுவக் கூடாதே என்று கொஞ்சம் இழுத்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு அவன் அம்மா போன். "சிஸ்டர், மாத்திரை குட்த்தும் அழுவுறான், நிறுத்தவே மாட்றான்." விரலை மெல்ல நீட்டிப் பார்க்கச் சொன்னேன். போனிலேயே அலறல் கேட்டது. நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்பி வருகிறதா என்று கேட்டேன். "வெளுப்பாவே கீதுமா." கத்தரிக்கோலால் பேண்டேஜை மேலிருந்து கீழ்வரை, உள்பஞ்சையும் சேர்த்து வெட்டுங்கள், சிலாப்பை அசைக்காதீர்கள், கையை மார்பு உயரத்திலேயே வைத்துக்கொண்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். நானும் பின்னாலேயே ஆட்டோவில் போனேன். போய்ச் சேர்வதற்குள் விரல் சிவந்துவிட்டது. இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள், கை தப்பியது. அந்த இடத்தில் வீக்கம் ரத்த ஓட்டத்தை அடைத்தால் சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். விரல்கள் மடங்கியபடியே ஆயுசுக்கும் நின்றுவிடும்.

அந்த அம்மாவிடம் என் நம்பர் எப்படி இருந்தது தெரியுமா? எங்கள் தெரு. அவ்வளவுதான். கிளினிக் சீட்டில் அச்சடித்திருந்த நம்பருக்கான போன் மேஜை டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் இப்படிக் குழந்தையைப் பெரும்பாலும் படுக்கவைத்துவிடுவார்கள். நைட் டியூட்டி சிஸ்டர் எத்தனை பேரைப் பார்த்தாலும் அந்த விரலையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார். கிளினிக்கில் அந்த நைட் டியூட்டி, குழந்தையின் அம்மா. அவருக்கு நீங்கள் வாயால் சொல்லிக்கொடுத்தது எவ்வளவோ, அவ்வளவுதான் காவல்.

இந்தச் சொல்லிக்கொடுப்பதில்தான் கிளினிக் நர்ஸ் அரசு நர்ஸை முந்துகிறார். நேரம் இருக்கிறது, ஆளைத் தெரிகிறது. வாக்கரோ அக்குளில் ஊன்றும் கட்டையோ கொடுப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாவது மாடி?" ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றால் சும்மா தரையில் நடக்கவைத்து அனுப்பிப் பயனில்லை. எங்கள் வாசற்படியிலேயே பழக்கிவிடுவேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி. பாரம் உள்ளங்கையில், அக்குளில் தொங்கினால் கை மரத்துப்போகும். இரண்டாவது கேள்வி கக்கூஸ் எப்படி என்பது. மூட்டு மாற்றிக்கொண்டவரைக் குந்தி உட்கார அனுப்பினால் டாக்டர் செய்த வேலை வீண். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாளில்தான் படகுக்காரர்கள், வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட முட்டிவலியோடு வருவார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர அதைவிட நல்ல சீசன் கிடையாது.

இனி சம்பளம். 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வெழுதி ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரமாக்கச் சொல்லி 2017 நவம்பரில் அவர்கள் டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்ததை மறக்க முடியாது. தொகை பிறகு கூடியது, ஆனாலும் நிரந்தரம் ஆகும்வரை காத்திருப்புதான். ஆன பிறகு அந்தச் சம்பளத்தோடு எந்தக் கிளினிக்கும் போட்டி போட முடியாது. கிளினிக்கில் பி.எஃப். கேட்டால் சிரிப்பார்கள். சட்டப்படி பி.எஃப்.புக்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் வேலையில் இருக்கவேண்டும். நாலு பேர் உள்ள கிளினிக் இரண்டிலும் வராது. அதனால் வேலைக்கான கடிதம், வார விடுமுறை, மழை நாளில் லேட்டானால் பிடித்தம் உண்டா என்பதையெல்லாம் சேரும் அன்றே பேசுங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது அழுகிற குழந்தையைப் பிடிக்கச் சொல்வார்கள். தினமும் அந்த ரூமில் நிற்கப்போகிறவர் நீங்கள், ஒருநாள் வருகிற அப்பாவுக்கு ஈய ஏப்ரனைப் போட்டு அவரையே பிடிக்கச் சொல்லுங்கள்.

கார்ப்பரேட் ஆஸ்பத்திரி என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு வடசென்னைப் பெண்கள் நிறையப் பேர் நகரத்துக்குள் போய் வருகிறார்கள். யூனிஃபார்ம் நன்றாக இருக்கும். மூட்டு மாற்று தியேட்டர் பழக ஆசை இருந்தால் போகலாம், எனக்கு அனுபவமில்லாததால் இதற்கு மேல் பேசவில்லை.

காசிமேட்டுப் பெண்ணிடம் நான் சொன்னது: எம்.ஆர்.பி.க்குப் படி, அதை விடாதே. தேர்வு வரும்வரை சும்மா இருக்காமல் கிளினிக்கில் சேர், கட்டுப் பிடிக்கக் கற்றுக்கொள். அரசு வேலை கிடைத்தால் யோசிக்காமல் போ. கிளினிக் நேர்காணலில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேள்: ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த நம்பருக்குப் போன் வந்தால் யார் எடுப்பது?

போய்க் கேட்டிருக்கிறாள். டாக்டர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, தன் செல் நம்பரை எழுதிக் கொடுத்தாராம். திங்கட்கிழமை சேருகிறாள்.