3,850 ராண்ட் போச்சு: மால்ட் உடைக்கும் மில் வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு ஒன்றரை மணி வரைக்கும் கராஜில் நின்று, பியர் காய்ச்ச வெந்நீரில் ஊறப்போட்டு அடைத்துக்கொண்ட மாஷை, அதாவது உடைத்த மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கலவையை, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். தூக்கமும் இல்லை, கோபமும் அடங்கவில்லை. மில்லுக்குக் கொடுத்தது 3,850 ராண்ட், அதன் புண்ணியத்தில் கெட்டுப்போன மால்ட் தனி. எந்த மில் வாங்கலாம் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் இதைக் கொட்டிவிடுகிறேன்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கி மதுக்கடைகளையும் மூடினார்களே, அப்போது எல்லோரையும் போல வீட்டிலேயே அன்னாசிப்பழத்தில் பியர் போட ஆரம்பித்தவன்தான் நானும். அப்புறம் ருசி பிடித்துப்போய் மால்ட்டிலிருந்தே பியர் காய்ச்சும் முழுத் தானிய முறைக்கு வந்துவிட்டேன். இதுவரை மால்ட்டைக் கடையிலேயே உடைத்து வாங்கினேன். உடைத்த மால்ட் நம்ம ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும், முழுசாக மூட்டையில் வாங்கி வைத்துக்கொண்டு வேண்டும்போது உடைத்தால் செலவும் குறையும் என்று கணக்குப் போட்டேன். புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்தேன் (அந்த மாதம் எங்கள் வீட்டில் கறியும் கிடையாது, பியர் வாசனையும் கூடாது, அம்மா கொன்றுவிடுவார்), முடிந்த வாரமே தேட ஆரம்பித்தேன்.

பழைய பொருள், புதுப்பொருள் எல்லாம் கலந்து விற்கிற ஒரு இணையச் சந்தையில் விளம்பரம் கிடைத்தது. பியர் காய்ச்சும் சாமான் விற்கும் சின்னக் கடை என்று போட்டிருந்தார்கள். மூன்று ரோலர், கடினப்படுத்திய எஃகு, பேரிங், 5 கிலோ பிடிக்கும் ஹாப்பர் (மேலே மால்ட் கொட்டும் தொட்டி), ரோலர்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளலாம், புத்தம்புதுசு. விலை 3,850 ராண்ட்.

நான் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. முன்பணம் கேட்டதுமே யோசித்தேன். அப்போதுதான் அந்த ஆள் ஒரு குரல்பதிவு அனுப்பினான். தமிழில். "அண்ணா, பேரைப் பார்த்ததுமே நம்ம ஆளுன்னு தெரிஞ்சுது, எங்க பாட்டி ஊர் டோங்காட், நான் வருஷா வருஷம் காவடி எடுக்கிறவன், உங்களை ஏமாத்திட்டு நான் எங்க போவேன்?" வாட்ஸப் படத்தில் வேலோடு முருகன். இங்கே நம் வயதுக்காரர்கள் தமிழில் இரண்டு வார்த்தை பேசினாலே மனசு இளகிவிடுகிறது, அதுதான் உண்மை. பக்கத்தில் இருந்த மனைவி "ரசீது கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. கேட்டால் தம்பி தப்பாக நினைப்பானே என்று கூச்சப்பட்டேன்! கடைப் பெயரில் இல்லாத, தனி ஆள் பெயரில் இருந்த கணக்குக்கு 3,850 ராண்டை அன்று இரவே போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து வந்த பெட்டியில் இருந்தது இரண்டு ரோலர். பேரிங் இல்லை, வெறும் புஷ், அதாவது குண்டு இல்லாத சாதா வளையம். ஒரு பக்கத்துத் திருகு ஏற்கனவே தேய்ந்திருந்தது. உருளையில் தானியத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய சொரசொரப்பு நகத்தால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு மேலோட்டமாக இருந்தது. சரி, இரண்டு ரோலரிலும் நன்றாகவே உடைக்கலாம், அது குற்றமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன்.

புதியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மால்ட்டை அரைக்கக் கூடாது, உடைக்க வேண்டும். உள்ளே இருப்பது குருணையாக வர வேண்டும், மேலே உமி முடிந்தவரை முழுசாக நிற்க வேண்டும். அந்த உமிதான் மாஷுக்கு அடியில் படுக்கையாக விழுந்து வடிகட்டியாக வேலை செய்கிறது. மாவாகிவிட்டால் கூழ் மாதிரி அடைத்துக்கொள்ளும், முழுமணியாகப் போனால் சர்க்கரை இறங்காது. அதற்காகத்தான் ரோலர். பாட்டி வீட்டுத் திருகை மாதிரி இரண்டு தட்டு உரசுகிற மலிவு மில்களும் உண்டு, அதில் பொறுமையாகத் தட்டை நெருக்கிப் பிடித்தால் ஓரளவு நல்ல உடைப்பே வரும், இந்த 3,850 ராண்ட் சனியனுக்கு அது எவ்வளவோ மேல்.

மெக்கானிக் வைத்திருக்கும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மச்சானிடம் வாங்கி ரோலர்களின் இடைவெளியை அளந்தேன். பொதுவாக 1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை வைப்பார்கள். இதில் ஒரு முனை 1, மறுமுனை 1.7. உருளையே கோணல். ஒரு பக்கம் முழுமணி அப்படியே கீழே விழுகிறது, அதைச் சரிசெய்ய நெருக்கினால் மறுபக்கம் மாவு பறக்கிறது. முதல் தடவை 5 கிலோ மால்ட் போட்டு 23 லிட்டர் எடுத்தேன், எவ்வளவு சர்க்கரை இறங்கியது என்று காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.050 வர வேண்டிய இடத்தில் 1.036. நேற்று இன்னும் நெருக்கி வைத்து இரண்டாம் முறை முயன்றேன், அதுதான் இரவு ஒன்றரை மணி கதை. போதாததற்கு மாவில் பளபளவென்று இரும்புத் துகள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. அதைக் குடிக்கவா?

இனி அவன் சொன்ன பதில்கள். முதலில், "அண்ணா, இது கைப்பழக்கம், நாலு தடவை ஓட்டுங்க, சரியாயிடும்." வீடியோ அனுப்பினேன். "கூரியர்காரன் போட்டிருப்பான், அவங்ககிட்ட கேளுங்க." கூரியரில் கேட்டால் பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லையே என்கிறார்கள். மறுபடி கேட்டால் "உங்க மால்ட் சரியில்ல." அதே மூட்டை மால்ட்டை நண்பர் வீட்டு மில்லில் உடைத்துப் படம் அனுப்பினேன், அழகாக வந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு "முதலாளி வெளியூர்ல இருக்காரு." முந்தின வாரம் வரை இவன்தான் முதலாளி!

கடைசியில் சட்டம் பேசினேன். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று கேட்கும் உரிமை வாங்கினவனுக்கு. உடனே அண்ணா போய் சார் வந்துவிட்டது. "சார், அது டெமோ பீஸ், ஃபூட்ஸ்டூட்ஸ்." இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்று இங்கே கார் விற்பவர்கள் சொல்வார்களே, அந்த வார்த்தை. கடை நடத்துகிறவன் அதைச் சொல்லித் தப்பிக்க இந்தச் சட்டம் விடாது, ஆனால் அவன் கடை என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி? ரசீது இல்லை. தனி ஆள் கணக்குக்குப் போன பணம். இன்று காலை என்னை பிளாக் செய்துவிட்டான். மனைவியின் போனில் பார்த்தால் அதே படம், அதே "மூன்று ரோலர்" விளம்பரம், விலை இப்போது 4,200.

எந்த மில் நல்லது என்று எழுத வந்தேன், எழுத மனசில்லை. சட்டென்று சொல்கிறேன்: நேரில் போய்க் கையால் சுற்றிப் பாருங்கள். உங்கள் மால்ட் ஒரு பிடி கொண்டுபோய் அங்கேயே போட்டு உடைக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் இடைவெளியை அளந்து பாருங்கள். டிரில் மாட்டி ஓட்டுவதாக இருந்தால் மெதுவாக ஓட்டுங்கள், வேகம் கூடினால் உமி கிழியும். ரசீது இல்லாமல் ஒரு ராண்ட் கொடுக்காதீர்கள், எதிரில் இருப்பவன் காவடியே தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி.

ஒரு உதவி. மூட்டையில் இன்னும் 15 கிலோ மால்ட் இருக்கிறது, வாய் திறந்தாயிற்று, மழையும் பிடித்துவிட்டது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் யாரிடமாவது ஒழுங்கான ரோலர் மில் இருந்தால் ஒரு சாயங்காலம் கடன் கொடுங்கள். முதல் பன்னிரண்டு பாட்டில் உங்களுக்கு.