நியூ ஆர்லியன்ஸ், செண்டாய், பாண்டுங், டாக்கா: வெள்ளம் படிக்கும் டச்சு மாணவருக்கு எந்த ஊர்?

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், டெல்டாரெஸ் ஆய்வு நிறுவன வளாகத்தில் 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கான்கிரீட் தொட்டி இருக்கிறது. அகலம் 5 மீட்டர், ஆழம் 9.5 மீட்டர். அதில் நாலரை மீட்டர் உயரம் வரை அலை எழுப்பி, மாதிரிக் கரைமேல் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். அதே ஊரில்தான் 1842இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஆகவே வெள்ளத் தடுப்பு படிக்கும் டச்சு மாணவர் கருவிகளைத் தேடி ஊர் விட்டுப் போக வேண்டியதில்லை.

ஆனாலும் போகிறார்கள். சிவில் முதுகலை மாணவர்கள் நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் துணையோடு இரண்டு மாதம் போல ஒரு திட்டத்தில் வேலை செய்வது அங்கே வழக்கம். ஆய்வேட்டுக்காகத் தனியாக ஐந்தாறு மாதம் போகிறவர்களும் உண்டு. எங்கே போவது என்ற கேள்வி வந்ததும் பலர் உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறக்கிறார்கள். இந்த வேலைக்கு அந்தப் பட்டியல் உதவாது என்பது என் உறுதியான கருத்து.

டச்சு முறையின் அடித்தளம் ஒரே எண்ணம்: தண்ணீர் உள்ளே வரவே கூடாது. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கி 1,836 பேரைக் கொண்டுபோன பிறகு, அந்த நாடு எடுத்த முடிவு அது. கடல்நீரைத் தடுக்கும் ஓஸ்டர்ஸ்கெல்டே தடுப்பணை 1986இல் முடிந்தது. 2017 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கரைக்குப் பின்னால் வாழும் எவரும் வெள்ளத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. டெல்ஃப்ட் மாணவர் இந்த எண்ணத்திலேயே பழகியவர். இந்த எண்ணம் செல்லாத இடத்தில்தான் அவர் புதிதாக ஏதாவது கற்க முடியும். அந்த அளவுகோலை வைத்தே நான்கு ஊர்களையும் பார்க்கிறேன்.

நியூ ஆர்லியன்ஸுக்குத்தான் போட்டி அதிகம் இருக்கும். மொழிச் சிக்கல் இல்லை, தரவுகள் எல்லாம் பொதுவெளியில் கிடைக்கின்றன, டச்சு நிறுவனங்களும் அங்கே வேலை செய்திருக்கின்றன. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தபோது நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியது. பதினேழாம் தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடும் முன்பே சுவர் சரிந்தது. அடிமண்ணின் வலுவைத் தவறாகக் கணக்கிட்டிருந்தார்கள். மண் இயக்கவியல் படிப்பவருக்கு இதைவிட நன்றாக ஆவணப்படுத்தப்பட்ட தோல்வி எங்கும் கிடைக்காது.

அதற்குப் பிறகு சுமார் 1,450 கோடி டாலர் செலவில் புதிய அரண் எழுப்பினார்கள். ஆனால் அது நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலுக்கானது. ஹாலந்தின் மையப் பகுதியில் பல்லாண்டுகளாக இருந்த அளவு பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை. அமெரிக்கர்களுக்கு நூறு என்ற எண் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வந்தது. ஒரு சமுதாயம் எவ்வளவு ஆபத்தைத் தாங்க ஒத்துக்கொள்கிறது என்பதைச் சூத்திரம் முடிவு செய்வதில்லை, அரசியலும் பணமும் முடிவு செய்கின்றன. இதை அங்கே நேரில் படிக்கலாம்.

பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு எச்சரிக்கை. ஊருக்குள் பெயர்பெற்றது டுலேன். ஆனால் கத்ரீனாவுக்குப் பின் வந்த நிதி நெருக்கடியில் சிவில் பொறியியல் துறையையே அது மூடிவிட்டது. வெள்ளத்தில் சிக்கிய நகரத்தின் பல்கலைக்கழகம், வெள்ளத்தைத் தடுக்கப் படிக்கும் துறையைக் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. பின்னாளில் ஆறும் கடற்கரையும் சார்ந்த ஆய்வுகள் அங்கே மறுபடி வளர்ந்தன. ஆனாலும் பொறியியல் மாணவர் பாட்டன் ரூஜில் உள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தையே முதலில் பார்க்க வேண்டும். மிசிசிப்பியின் கடைசிப் பகுதியை அங்கே மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆற்றின் ஓராண்டு ஓட்டம் அதில் ஒரு மணி நேரத்தில் நடந்து முடிகிறது. விசாதான் இழுபறி: பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பயிற்சிக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசா வேண்டும், அதற்கான காகித வேலையைப் பல மாதம் முன்பே தொடங்கியாக வேண்டும்.

ஜப்பானின் செண்டாய் வேறு வகை. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. கமாயிஷி துறைமுகத்தின் முகப்பில் 63 மீட்டர் ஆழத்திலிருந்து எழுப்பிய அலைதடுப்பு, முப்பதாண்டு உழைப்பில் 2009இல்தான் முடிந்திருந்தது. இரண்டே ஆண்டில் அது உடைந்தது. மறு ஆண்டே செண்டாயில் உள்ள தோஹோக்கு பல்கலைக்கழகம் பேரிடர் அறிவியலுக்கெனத் தனி ஆய்வு நிறுவனம் தொடங்கியது. பொறியாளர், மருத்துவர், வரலாற்றாளர் எல்லோரும் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள்.

ஜப்பானியர்கள் அதன்பின் எடுத்த முடிவு டச்சு மாணவரை உலுக்கும். சுனாமியை இரண்டாகப் பிரித்தார்கள். சில பத்தாண்டு முதல் நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதைச் சுவர் தடுக்க வேண்டும். அதற்கும் மேலே வருவதைச் சுவர் தடுக்காது, மக்கள் ஓடித் தப்ப வேண்டும். சுவர் தோற்கும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, மீதியை அதிலிருந்து தொடங்குகிறார்கள். செண்டாயின் அராஹாமா தொடக்கப்பள்ளியில் 320 பேர் மேலே ஏறித் தப்பினார்கள். அந்தக் கட்டடத்தை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். நகரத்தின் கிழக்கே இருந்த மேட்டுச்சாலையின் கரை அலையைப் பெருமளவு நிறுத்தியதைப் பார்த்து, கடலோரமாக இன்னொரு சாலையை 6 மீட்டர் உயர்த்தி இரண்டாம் அரணாக்கினார்கள்.

அங்கிருந்து வடக்கே போனால் தாரோவில் 14.7 மீட்டர் சுவர் நிற்கிறது. ஒனகாவாவோ உயரச் சுவர் வேண்டாம் என்று சொல்லி, நிலத்தை உயர்த்தி வீடுகளை மேட்டுக்கு மாற்றியது. ஒரே கடற்கரையில் ஒரே அலைக்கு இரண்டு விடைகள். ஒப்பிட்டு எழுத விரும்புகிறவருக்கு இதைவிட வாய்ப்பான களம் அமையாது. நடைமுறையும் எளிது: 90 நாளுக்கு உட்பட்ட குறுகிய வருகைக்கு டச்சுக்காரர் விசா எடுக்க வேண்டியதில்லை, ரயிலும் பேருந்தும் சொன்ன நேரத்துக்கு வரும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் ஊர்மக்களிடம் பேச முடியாது என்பது மட்டுமே பெரிய குறை.

இந்தோனேசியாவின் பாண்டுங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்குள்ள தொழில்நுட்பக் கழகத்தை 1920இல் தொடங்கியவர்களே டச்சுக்காரர்கள். அந்நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோ 1926இல் அங்கேதான் சிவில் பட்டம் பெற்றார். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் ஜகார்த்தா எவ்வளவு வேகமாகத் தாழ்கிறது என்று பல்லாண்டுகளாக அளந்துவருபவர்கள் இந்தக் கழகத்தின் நில அளவையியலாளர்கள். பொருள் மிக முக்கியமானது. ஆனால் வெளிநாட்டவர் முறையான ஆய்வு அனுமதி இல்லாமல் களத்தில் இறங்க 2019 சட்டம் விடாது. இரண்டு மாதப் பயணத்துக்கு இந்த ஊர் ஒத்துவராது. ஓராண்டு கையில் இருந்தால் யோசிக்கலாம்.

இனி டாக்கா. நான் முதலிடம் தருவது இதற்குத்தான். பொறியியல் பல்கலைக்கழகத்தில் நீர், வெள்ள மேலாண்மைக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. டெல்ஃப்ட்டில் உள்ள ஐஎச்இ நீர்க்கல்வி நிறுவனத்தில் படித்துவிட்டுத் திரும்பிய பொறியாளர்கள் வங்கதேச நீர்த்துறை முழுவதும் இருப்பதால், அறிமுகக் கடிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாடம் தலைநகரத்தில் இல்லை, தென்மேற்கே குல்னா பக்கத்தில் இருக்கிறது.

1960களில் அந்தக் கடலோரத்தில் டச்சு போல்டர்களை, அதாவது கரை சூழ்ந்த தாழ்நிலங்களை, பார்த்து மண் கரைகள் எழுப்பினார்கள். மொத்தம் 139 போல்டர்கள். உப்புநீர் நின்றது, நெல் விளைந்தது. ஆனால் கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. ஓதத்தோடு (கடல் ஏற்றத்தோடு) நிலத்தில் ஏறிப் படிய வேண்டிய வண்டலைக் கரை தடுத்தது. அது வெளியே ஆற்றின் அடியில் படிந்து ஆற்றைத் தூர்த்தது. உள்ளே நிலம் தாழ்ந்தது, மழைநீர் வடிய வழியில்லாமல் ஊர்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கின. 2009இல் அய்லா புயல் 32ஆம் போல்டரின் கரையை உடைத்தபோது, உள்ளே நிலம் இயல்பாக இருந்திருக்க வேண்டிய மட்டத்தைவிட ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அங்கே ஓதம் ஏறி இறங்கியது.

விடையைக் கண்டது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. 1990இல் பீல் டகாதியா, 1997இல் பீல் பாய்னா ஆகிய தாழ்நிலங்களில் ஊர்மக்களே கரையை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது, ஆறும் ஆழமானது. பொறியாளர்கள் அதைப் பின்னால் ஆராய்ந்து முறைப்படுத்தினார்கள். தண்ணீரை வெளியே நிறுத்துவதே பாதுகாப்பு என்று படித்தவர், தண்ணீரை வேண்டியே உள்ளே அழைக்கும் விவசாயியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது இதைத்தான். எத்தனை ஆண்டு நிலம் சும்மா கிடந்தது, இழப்பீடு வந்ததா, இறால் பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து.

மக்களைக் காப்பதிலும் அந்த நாடு பின்தங்கியதல்ல. 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 2020 ஆம்பன் புயலின்போது சுமார் 24 லட்சம் பேரை வெளியேற்றினார்கள், உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. கரைகளைவிட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் உழைப்புக்கே இதில் பெரும்பங்கு.

செண்டாயையும் டாக்காவையும் நேருக்கு நேர் வைத்தால், இரண்டு மாதக் குழுப்பயணத்துக்குச் செண்டாய்தான் பாதுகாப்பான தேர்வு. 2024 ஜூலையில் மாணவர் போராட்டத்தால் வங்கதேசப் பல்கலைக்கழகங்கள் காலவரையின்றி மூடப்பட்டதுபோல் செண்டாயில் நடக்க வாய்ப்பில்லை. ஆனால் ஐந்து மாத ஆய்வேடு என்றால் நான் தயங்காமல் குல்னாவைச் சொல்வேன். செண்டாய் கற்றுத்தருவது சுவர் போதாது என்பதை. குல்னா கற்றுத்தருவது சுவரே கேடு விளைவிக்கலாம் என்பதை. டச்சு அரசின் நீர் உதவித் திட்டம் ஒன்று 2018இல் குல்னா, இந்தோனேசியாவின் செமாராங் இரண்டோடு நம் சென்னையையும் தேர்ந்தெடுத்தது. அத்தகைய வேலைகளுக்கு நாளை வரப்போகிறவர்கள் இந்த மாணவர்கள்தான் என்பதால், அவர்கள் எதைக் கற்று வருகிறார்கள் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் உதவி பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்தான். கல்வி நிதியுதவி பெறும் டச்சு மாணவர், உள்ளூர் பயண அட்டைக்குப் பதிலாக வெளிநாட்டு மாதங்களுக்குப் பணமாக வாங்கிக்கொள்ள முடியும். பலர் கேட்பதே இல்லை. குல்னாவுக்கு இன்னொரு செலவையும் முதலிலேயே ஒதுக்க வேண்டும்: உள்ளூர்ப் பேச்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு நாள் கூலி. காலமும் முக்கியம். மழைக்காலத்தில் போனால் வெள்ளம்தான் தெரியும். ஓதம் வண்டலைச் சுமந்து மேலேறுவது ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையிலான வறண்ட மாதங்களில். டெல்ஃப்ட்டின் மூன்றாம் காலாண்டு பிப்ரவரியில் தொடங்குவதால் அது சரியாகப் பொருந்தும். கடிதப் போக்குவரத்தை முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.