தடிமன் நூலில் பரங்கிக்காய்: செவ்வகமா, சுற்றா?

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்தாலே வீட்டு வாசலிலும் சாப்பாட்டு மேசையிலும் பரங்கிக்காய் வந்து உட்கார்ந்துவிடும். 31ஆம் தேதி ஹாலோவீன் முடிந்த பிறகும் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாள் வரை அதை யாரும் எடுப்பதில்லை. அந்த அலங்காரத்தை நூலில் பின்னி, பஞ்சு திணித்து வைக்கும் வழக்கம் இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசியை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்கு இது நல்ல பாடம். உருவம் சற்றுக் கோணினாலும் பரங்கிக்காய் பரங்கிக்காயாகவே தெரியும். இதயமோ நட்சத்திரமோ அப்படி மன்னிக்காது.

பின்ன இரண்டு வழிகள் உண்டு. ஒரு செவ்வகத்தைப் பின்னி, குழாயாக இணைத்து, இரு முனைகளையும் சுருக்குப் பை போல இழுத்துக் கட்டுவது ஒன்று. அடியிலிருந்து சுற்றிச் சுற்றிக் கண்ணிகளைக் கூட்டிக் குறைத்து உருண்டையாகவே பின்னுவது மற்றொன்று. எது சுலபம் என்பதற்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அந்தப் பதில் நீங்கள் எடுக்கும் நூலைப் பொறுத்தும் மாறும்.

கணக்கு புரிய ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். நூல் 5ஆம் எண் தடிமன், அதாவது உறையில் ‘பல்கி’ என்று இருப்பது. ஊசி 6 மி.மீ. உறையில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். அது போர்வைக்கும் சால்வைக்கும் சொன்ன அளவு. பஞ்சு திணிக்கும் பொருளுக்கு ஒரு படி சின்ன ஊசிதான் சரி, இல்லையென்றால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். இப்படி நெருக்கமாகப் பின்னினால் 10 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 12 சிங்கிள் குரோஷே கண்ணிகள், அதாவது குட்டையான அடிப்படைக் கண்ணிகள், வரும். இங்கே ஓர் எச்சரிக்கை: அமெரிக்கக் குறிப்புகள் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் குறிப்புகள் டபுள் குரோஷே என்கின்றன. இந்தக் கட்டுரையில் அமெரிக்கப் பெயர்களே வருகின்றன.

செவ்வக வழி

19 சங்கிலிக் கண்ணி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கினால் 18 சிங்கிள் குரோஷே கிடைக்கும். திருப்பி, ஒரு சங்கிலி போட்டு (இதை எண்ண வேண்டாம்), அடுத்த வரிசை முழுவதையும் பின் வளையத்தில் மட்டும் பின்னுங்கள். கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் உங்களுக்கு அப்புறம் இருப்பதுதான் பின் வளையம். இப்படி மொத்தம் 36 வரிசை. துணி வரிவரியாக மேடும் பள்ளமுமாக வரும், அதுவே காயின் வரிகள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு என்பதால், தனித்தனியாக வரிசை எண்ணாமல் 18 மேடுகளை விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம்.

18 கண்ணி என்றால் உயரம் 15 செ.மீ., 36 வரிசை என்றால் நீளம் சுமார் 30 செ.மீ. நீளம் உயரத்தைப் போல் இரு மடங்கு இருப்பது தற்செயல் அல்ல. ஓர் உருண்டையின் உச்சியிலிருந்து அடி வரை மேற்பரப்போடு ஒட்டி அளந்தால், அது இடுப்புச் சுற்றளவில் சரிபாதி. எந்த நூலை எடுத்தாலும் இந்த விகிதத்தைப் பிடித்துக்கொண்டால் உருவம் தப்பாது. உயரம் கூடினால் காய் கத்தரிக்காயாகிவிடும், குறைந்தால் முனைகள் சேராது.

முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்து வைத்து ஸ்லிப் ஸ்டிச்சால் (உயரம் கூட்டாமல் இழுத்து முடிக்கும் கண்ணி) இணைத்தால் குழாய் தயார். பிறகு 60 செ.மீ. வால் விட்டு நறுக்குங்கள். பெரிய காது கொண்ட மழுங்கிய ஊசியில் வாலைக் கோத்து, ஒரு திறந்த விளிம்பில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஓட்டி இழுத்து முடிச்சிடுங்கள். மழுங்கிய ஊசி கிடைக்காவிட்டால் கோணி ஊசி உதவும், ஆனால் அதன் முனை நூலைப் பிளக்கும், பார்த்துக் குத்த வேண்டும். பிறகு உள்ளே பஞ்சு திணித்து, மறுமுனையையும் இதேபோல் சுருக்குங்கள்.

இதில் புதியவர் சறுக்கும் இடம் வரிசையின் கடைசிக் கண்ணி. அதன் பின் வளையம் ஓரத்தில் மடிந்து ஒளிந்துகொள்வதால் விட்டுப்போகும், 18 என்பது 17, 16 எனக் குறைந்து செவ்வகம் சரிவகமாகும். முதல் ஆறு வரிசைகளை மட்டுமாவது ஒவ்வொன்றாக எண்ணுங்கள், அதற்குள் கண் பழகிவிடும். இன்னொன்று, தொடக்கச் சங்கிலியை இறுக்கிவிடுவது. அந்தப் பக்கம் மட்டும் துணி சுருங்கி நிற்கும். சங்கிலிக்கு மட்டும் 6.5 மி.மீ. ஊசி எடுத்தால் போதும்.

இதன் உண்மையான குறை முனைகளில்தான் இருக்கிறது. 36 வரிசைகளின் தடித்த ஓரம் ஒரு புள்ளியில் வந்து சேர வேண்டும், தடிமன் நூலில் அது முழுதாகச் சேராது. ஒன்று, இரண்டு செ.மீ. ஓட்டை நிற்கும். மேலே காம்பு மூடிவிடும். அடியில் 12 கண்ணி வட்டம் ஒன்று பின்னித் தைத்து மூடலாம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டையும் கடைசி இரண்டையும் ஸ்லிப் ஸ்டிச்சாகப் போடுவது இன்னும் நேர்த்தி. விளிம்பு மெலிந்து, முனை நன்றாகக் கூடும். ஆனால் இறுகிய ஸ்லிப் ஸ்டிச்சுக்குள் ஊசி நுழைப்பது முதல் முறை பின்னுபவருக்குப் பெரும்பாடு. இதை இரண்டாவது காய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

சுற்று வழி

மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் சுருங்கும் நூல் வளையத்தில், 6 கண்ணி. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டு 12. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு ஆறாகக் கூட்டி 18, 24, 30, 36. ஏழாம் சுற்று முதல் பன்னிரண்டாம் சுற்று வரை கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. பின்னர் ஆறு ஆறாகக் குறைத்து 30, 24, 18, 12, 6. மொத்தம் 17 சுற்று. 24 கண்ணி இருக்கும்போது வாய் 6 செ.மீ. அளவுக்குத் திறந்திருக்கும், பஞ்சில் பெரும்பகுதியை அப்போதே திணித்துவிடுங்கள். 12 ஆகும்போது கடைசிப் பிடியை வைத்துத் தள்ளுங்கள்.

கண்ணிகளைக் கூட்டிப் பார்த்தால் உருண்டைக்கு 432, செவ்வகத்துக்கு 648. சுற்று வழியில் உழைப்பிலும் நூலிலும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். செவ்வக வழியில் அந்த அதிகத் துணி முனைகளில் மடிப்பாகக் குவிகிறது. பரங்கிக்காய்க்கு அந்த மடிப்பு அழகுதான் என்பதால் அது முழு வீண் அல்ல. நூல் எவ்வளவு வேண்டும் என்று அறிய, 10 கண்ணி பின்னிப் பிரித்து நூலை அளந்து பாருங்கள். கை இறுக்கத்தைப் பொறுத்து ஒரு கண்ணிக்கு 5, 6 செ.மீ. வரும். ஆக உருண்டைக்கு 25 மீட்டர் சொச்சம், செவ்வகத்துக்கு 40 மீட்டர் வரை.

மிச்சத்துக்கு விலை கவனம். தொடர்ந்து சுழலாகப் போவதால் சுற்று எங்கே தொடங்கியது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு சின்ன ஊக்கைக் குத்தி வையுங்கள், கடையில் விற்கும் ஸ்டிச் மார்க்கர் செய்வதும் அதே வேலைதான். எண்ணிக்கை தப்பினால் செவ்வகத்தில் ஓரம் மட்டும் கோணும். இங்கோ உருண்டையே ஒரு பக்கம் வீங்கும், அதை மறைக்க மடிப்பும் கிடையாது.

புதியவர் அறியாமலே செய்யும் இன்னொரு தவறு, உட்புறம் வெளியே தெரியப் பின்னுவது. நான்காம் சுற்றில் துணி கிண்ணமாகக் குழிந்து, தானாக ஒரு பக்கம் திரும்பும். வலது கையால் பின்னுபவர் என்றால் உங்களை நோக்கிய விளிம்பில் வேலை நடக்க வேண்டும். எதிர் விளிம்பில் நடந்தால் கிண்ணத்தைப் புரட்டிப் போடுங்கள். வெளியே வரிசை வரிசையாக ஆங்கில ‘வி’ வடிவம் தெரிந்தால் சரி.

குறைக்கும் இடங்களில் ஓட்டை விழுவது தடிமன் நூலில் பளிச்சென்று தெரியும். இரண்டு கண்ணிகளின் முன் வளையங்களில் மட்டும் ஊசியை நுழைத்து, இரண்டையும் ஒரே கண்ணியாக முடித்தால் அந்த இடம் மற்றக் கண்ணிகளோடு கலந்துவிடும். இந்த ஒரு நுட்பத்தை மட்டும் தள்ளிப்போடாமல் முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது.

நூல் எது?

முதல் காய்க்கு வழவழப்பான, வெளிர் நிற அக்ரிலிக் நூல். கறுப்பும் கரும்பழுப்பும் வேண்டாம், இரவு விளக்கில் கண்ணி தெரியாது. அக்ரிலிக்கைப் பத்து முறை பிரித்துப் பின்னினாலும் தாங்கும்.

கடையில் எல்லோர் கையும் போவது வெல்வெட் போன்ற செனில் நூலுக்குத்தான். தொட்டால் பூனைக்குட்டி போல இருக்கும், உண்மையிலேயே அழகு. ஹிமாலயா டால்பின் பேபி 100 கிராமுக்கு 120 மீட்டர் வரும். 6ஆம் எண்ணில் பெர்னாட் பிளாங்கெட் 300 கிராமுக்கு 201 மீட்டர். அதற்கு 8 மி.மீ. ஊசி சொல்லியிருக்கிறார்கள், காய்க்கு 6.5 அல்லது 7 போதும். சிக்கல் என்னவென்றால், ரோமத்தில் கண்ணி தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பின் வளையத்தை நம்பியிருக்கும் செவ்வக வழி செனிலில் படுத்துவிடுகிறது. சுற்று வழிக்கோ செனில் ஒத்துழைக்கும்: குறைத்தல் ஓட்டையை ரோமம் மூடிவிடும், எண்ணுவது மட்டும் சிரமம்.

செனிலில் மேஜிக் ரிங் இழுத்தால் ரோமம் உதிர்ந்து நடு இழை அறுந்துபோகும். இரண்டு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவதில் 6 கண்ணி போட்டுத் தொடங்குங்கள். செவ்வகமாகத்தான் பின்னுவேன் என்றால் ஹாஃப் டபுள் குரோஷேயை (ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போடும், சற்று உயரமான கண்ணி) கண்ணியின் தலையில் குத்தாமல், இரண்டு கண்ணிகளுக்கு இடையிலுள்ள சந்தில் போடுங்கள். சந்து விரலுக்கு நன்றாகத் தட்டுப்படும். முனையைச் சுருக்க செனிலை இழுக்காதீர்கள், அதே நிறத்தில் கெட்டியான நைலான் நூல் எடுங்கள்.

டி-ஷர்ட் நூல் என்று வரும் பனியன் துணிப் பட்டை கூடைக்கும் கால்மிதிக்கும் ஏற்றது. விறைப்பும் கனமும் அதிகம், பட்டையின் அகலமும் ஒரே சீராக இருக்காது. மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். முதல் உருண்டைக்கு இதை எடுக்க வேண்டாம்.

திணிப்பும் வரிகளும்

இந்த அளவுக்கு ஏறக்குறைய 30 கிராம் பாலியெஸ்டர் பஞ்சு, கடையில் ரெக்ரான் என்று கேட்டாலே தருவார்கள். உதிர்த்து உதிர்த்துக் கொஞ்சமாக வையுங்கள், கட்டியாகத் தள்ளினால் வெளியே புடைப்பாகத் தெரியும். இலவம் பஞ்சு வேண்டாம், அதன் மெல்லிய இழை கண்ணிச் சந்துகளில் கசிந்துகொண்டே இருக்கும். பழைய துணி வெட்டிப் போட்டால் காய் கல்லாகும்.

இரண்டு மீட்டர் கெட்டி நூலை நடுவில் மேலிருந்து கீழே செலுத்தி, வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே கொண்டுவந்து, மறுபடி நடுவில் இறக்கி இழுத்தால் ஒரு வரி விழும். ஆறு வரி போதும். செவ்வகக் காயில் மூன்று மேட்டுக்கு ஒரு வரி என்று பிரித்தால் சமமாக அமையும். உருண்டையில் கூட்டிய இடங்கள் ஆறு நெடுக்குக் கோடுகளாகத் தெரியும், அவற்றின் மேலேயே நூலை ஓட்டுங்கள். வரி பள்ளமாக விழாவிட்டால் பஞ்சு அதிகம் என்று பொருள். தளர்வாகத் திணித்த காயில்தான் நடுக்குழி அழகாக இறங்கும். அதனால் திணிப்பை முக்கால் அளவில் நிறுத்துங்கள்.

காம்புக்கு மேஜிக் ரிங்கில் 6 கண்ணி போட்டு, கூட்டாமல் ஐந்து சுற்று ஏறினால் போதும். பின்னப் பொறுமையில்லாதவர்கள் ஒரு துண்டு கறிப்பட்டையைச் செருகிப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. அக்ரிலிக், செனில் எதுவானாலும் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, இழை உருகிப் பளபளத்துவிடும்.

ஆகவே இதுவரை எதையும் பின்னாதவர் அக்ரிலிக்கில் செவ்வகத்தை எடுங்கள். முன்னும் பின்னும் போய் வரும் ஒரே அசைவுதான், தவறுகளில் பாதியை மடிப்பு விழுங்கிவிடும். கைக்குட்டை விளிம்போ மேசை விரிப்போ பின்னிப் பழகியவரும், அடுத்து கரடியும் முயலும் பின்னும் எண்ணமுள்ளவரும் நேரே சுற்று வழிக்குப் போகலாம், அந்தப் பொம்மைகளின் தலையும் உடலும் இதே கூட்டல் குறைத்தல்தான். செனில்மீது ஆசை இருந்தால் இரண்டாவது காயில், சுற்று வழியில் தொடங்குங்கள்.