ஹெட்போனா, இயர்பட்ஸா, ஃபோம் பிளக்கா? மொதல்ல எந்த சத்தம்னு சொல்லுங்க

"நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஒண்ணு சொல்லுப்பா"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், உனக்கு எந்த சத்தம் தொல்லை? பாதி பேருக்கு இந்தக் கேள்வியே எரிச்சல், எல்லா சத்தமும்தான்னு சொல்லுவாங்க. ஆனா ஃபேன் இரைச்சலும் பக்கத்து டேபிள்ல ஒருத்தர் போன்ல கதை அளக்குறதும் ஒரே ரகம் கிடையாது, ஒண்ண அமுக்குற சாமான் இன்னொண்ணுகிட்ட தோத்துப்போகும். எனக்கு இது காசு விட்டப்புறம்தான் புரிஞ்சுது. இப்ப என் டேபிள்ல காதை மூடுற பெரிய ஏ.என்.சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) ஹெட்போன் ஒண்ணு, ஏ.என்.சி இயர்பட்ஸ் ஒரு ஜோடி, ஒயர் வச்சு காதுக்குள்ள நுழையுற பழைய இன்-இயர் ஒண்ணு, காதை அடைக்கிற ஃபோம் பிளக் ஒரு டப்பா, ஆக நாலும் கிடக்கு, நாலையும் மாத்தி மாத்தி யூஸ் பண்றேன்.

மொதல்ல ஏ.என்.சின்னா என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாத்துடலாம், இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். வெளில இருக்குற மைக் சத்தத்தைப் பிடிக்குது, உள்ள இருக்குற சிப் அந்த அலைக்கு நேர் எதிரா ஒரு அலையை ஸ்பீக்கர்ல விடுது, அங்க மேடுன்னா இங்க பள்ளம், ரெண்டும் சேந்து சமமாயிடும். கேக்க சிம்பிள்தான், 1936லயே பால் லூக்னு ஒருத்தருக்கு இந்த ஐடியாவுக்கு பேட்டன்ட் கிடைச்சிருக்கு. சிக்கல் எங்கன்னா டைமிங்ல. 100 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 100 அலை வர்ற சத்தத்தோட ஒரு அலை சுமார் 3.4 மீட்டர் நீளம், அது ஆற அமர வரும், சிப்புக்கு எதிர் அலை போட நேரம் தாராளமா இருக்கு. 1000 ஹெர்ட்ஸ்ல அதே அலை 34 செ.மீ தான், 5000 ஹெர்ட்ஸ் போனா 7 செ.மீ கூட இல்ல, அங்க ஒரு மயிரிழை லேட்டானாலும் மேடும் மேடும் சேந்து சத்தம் கூடத்தான் செய்யும். அதனால ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஏ.என்.சியோட ராஜ்ஜியம், அதுக்கு மேல அடைக்கிறது எல்லாம் ஹெட்போனோட குஷனும், பட்ஸ் முனைல காதுக்குள்ள போற ரப்பர் டிப்பும்தான். சிப் இல்ல.

இது பொறந்த இடமும் அப்படித்தான். போஸ் கம்பெனியை ஆரம்பிச்ச அமர் போஸ் 1978ல சூரிச்சுலேருந்து பாஸ்டன் போற ஃப்ளைட்ல குடுத்த ஹெட்போனைப் போட்டுப் பாத்து, இன்ஜின் இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலன்னு ஃப்ளைட்லயே கணக்கு போட ஆரம்பிச்சாராம். 1989ல பைலட்டுங்களுக்கான ஹெட்செட் வந்துது, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு போஸோட கொயட்கம்ஃபர்ட் ஹெட்போன் வந்தது 2000த்துல. அதாவது இது விமான இன்ஜினுக்குன்னே செஞ்ச மருந்து. இன்னைக்கும் ஃப்ளைட், ட்ரெய்ன், பஸ், ஏசி, ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தத்துலதான் இது கில்லி. குழந்தை அழறது, நாய் குரைக்கிறது, தட்டு கீழ விழறது இதெல்லாம் திடீர்னு வர்றது, அதுலயும் பாதி மேல் ஸ்தாயி, அங்க பெருசா எதிர்பாக்காதீங்க.

இன்னொரு கூத்து இருக்கு. ஏ.என்.சி ஆன் பண்ணதும் பக்கத்துல பேசுறவங்க குரல் முன்னைவிட தெளிவா கேக்குதே, பீஸ் ஃபால்ட்டான்னு நிறைய பேர் கேப்பாங்க. நானும் மொத நாள் அப்படித்தான் நினைச்சு பாக்ஸைத் திருப்பி எடுத்துட்டேன். ஃபால்ட் இல்ல. அதுவரைக்கும் ஏசியோட ம்ம்ம்னு ஒரு இரைச்சல் அந்தப் பேச்சு மேல போர்வை மாதிரி மூடிட்டு இருந்துச்சு, ஏ.என்.சி அந்தப் போர்வையை உருவிடுது, பேச்சுல வார்த்தையைப் பிரிச்சுக் காட்டுற ச, த, ட, க எல்லாம் மேல இருக்குற ஃப்ரீக்வென்சிங்கிறதால அது அப்படியே நிக்குது. பேச்சு சத்தம்தான் உங்க பிரச்சனைன்னா வெறும் ஏ.என்.சி போதாது, மேல ஏதாவது ஓட விடணும். மழை சத்தம், இல்ல பிரவுன் நாய்ஸ்னு ஒண்ணு இருக்கு, அடி கனமா அருவி மாதிரி இருக்கும், அதைச் சின்ன வால்யூம்ல வச்சாலே போதும், பேச்சு கேக்கும் ஆனா வார்த்தை புரியாது, புரியலன்னா மூளை அதைத் துரத்திட்டுப் போகாது. பாட்டு வச்சா வேற கதை, நமக்குத் தெரிஞ்ச பாஷைப் பாட்டுன்னா படிக்கிற வேலை ஓடவே ஓடாது, எனக்கு ஓடினதில்ல.

சரி, இப்ப ஒவ்வொண்ணா வருவோம்.

காதை முழுசா மூடுற பெரிய ஹெட்போன். மொத்தமா அடைக்கிறதுல இதுக்குத்தான் என் ஓட்டு, ஏன்னா சிப்பும் வேலை செய்யுது, கப்பும் மூடுது, காதுக்குள்ள எதுவும் போகல. சார்ஜும் கவலை இல்ல, சோனி எக்ஸ்எம்5 ஏ.என்.சியோட 30 மணி நேரம் வரும்னு கம்பெனி சொல்றாங்க, எடை 250 கிராம். ஆப்பிளோட பெரிய ஹெட்போன் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் கிட்ட, இந்த 135 கிராம் கடைல போட்டுப் பாக்குறப்ப ஒண்ணும் தெரியாது, மூணாவது மணி நேரத்துல கழுத்து சொல்லும். சோனிலயே எக்ஸ்எம்4 மடங்கும், எக்ஸ்எம்5 மடங்காது, எக்ஸ்எம்6 திரும்ப மடங்குது, பை தூக்கிட்டு அலையறவங்களுக்கு இது ஏ.என்.சியைவிட முக்கியமா கூட இருக்கலாம்.

ஆனா கண்ணாடி போடுறவங்க ஒரு நிமிஷம் இங்க கவனிங்க. எனக்கு ஒரு வருஷமா ஏ.என்.சி சுமார்னு ஒரு குறை, ரிவ்யூல எல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதுறாங்க எனக்கு மட்டும் பஸ் உறுமல் மெல்லிசா கேட்டுட்டே இருந்துச்சு. ஒரு நாள் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சப்ப திடீர்னு உலகமே நின்ன மாதிரி அமைதி. கண்ணாடிக் கம்பி காதுக்குப் பின்னால போற இடத்துல குஷனைத் தூக்கிப்பிடிச்சு ஒரு நூல் அளவு சந்து, அந்த நூல் சந்து வழியாதான் மொத்த உறுமலும் உள்ள வந்துட்டு இருந்திருக்கு. அடி ஸ்தாயி சத்தத்துக்கு சின்ன ஓட்டை போதும். அப்புறம் மெல்லிசு கம்பி ஃப்ரேமா மாத்திட்டேன், புது ஹெட்போன் வாங்குறதைவிட அதுல வித்தியாசம் அதிகம் தெரிஞ்சுது. நிறைய முடி, பெரிய கம்மல், தொப்பி எல்லாத்துக்கும் இதே கதைதான். அப்புறம் காது வேர்க்கும், அதுக்கு மருந்து கிடையாது. குஷன் தோல் ரெண்டு மூணு வருஷத்துல உரிஞ்சு கறுப்பு கறுப்பா காதுல ஒட்டும், மாத்திக்கலாம், உரிஞ்ச குஷனோட ஏ.என்.சி பாதி வேஸ்ட்.

இயர்பட்ஸுக்கு வந்தா, இதுல ஜெயிக்கிறதும் தோக்குறதும் டிப்புலதான். பாக்ஸ்ல மூணு நாலு சைஸ் குடுப்பாங்க, எல்லாரும் நடுசைஸ் மாட்டியிருக்கிறதை அப்படியே போட்டுட்டு மீதியை ட்ராயர்ல போட்டுடுவாங்க. எனக்கு வலது காதுக்கு மீடியம், இடது காதுக்கு லார்ஜ், இதைக் கண்டுபிடிக்கவே எட்டு மாசம் ஆச்சு. டெஸ்ட் சுலபம், பட்ஸைப் போட்டு ஏ.என்.சியை ஆஃப் பண்ணிட்டு விரல்ல லேசா உள்ள அழுத்திப் பாருங்க, அழுத்துறப்ப பாட்டுல பேஸ் (அடி ஸ்தாயி) கூடுது, வெளிச் சத்தம் குறையுதுன்னா உங்க சைஸ் அது இல்ல. ஏர்பாட்ஸ் ப்ரோ மாதிரி சிலதுல போனே டெஸ்ட் பண்ணி சொல்லிடும். ஃபோம் டிப் மாட்டுனா இன்னும் நல்லா அடைக்கும், சோனி எக்ஸ்எம்4 பட்ஸுக்குக் கம்பெனியே அந்த மாதிரி டிப்தான் குடுத்தாங்க. நல்லா பொருந்துன பட்ஸ், பொருந்தாத பெரிய ஹெட்போனைத் தாராளமா அடிச்சிடும், இதை நான் சத்தியம் பண்ணி சொல்லுவேன்.

டிப்பே இல்லாம காது வாசல்ல சும்மா உக்காந்திருக்குமே, அந்த ரகத்துலயும் இப்ப ஏ.என்.சி வருது, 2024ல வந்த ஏர்பாட்ஸ் 4ல ஒரு மாடல் அப்படி. காதை அடைக்கிறது பிடிக்காதவங்களுக்கு நல்ல சாமான்தான், ஃபேன் சத்தம் குறையும், ஆனா பேச்சை நிறுத்த அங்க சுவரே இல்ல. கதவைத் திறந்து வச்சுட்டு ஏசி போட்ட கதை.

பட்ஸ்ல மைனஸ்னா சார்ஜ் மொதல்ல, ஏ.என்.சியோட ஆறு மணி நேரம் வந்தாலே நல்லதுன்னு வச்சுக்கணும், பேட்டரி சின்னதுங்கிறதால ரெண்டு மூணு வருஷத்துல அது இன்னும் சுருங்கும், மாத்தவும் முடியாது. காத்து வீசுற இடத்துல நடந்தா வெளி மைக்ல காத்து அடிச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் உள்ளயே வரும். பட்ஸ் மேல இருக்குற சின்னக் கம்பி வலைல அழுக்கு அடைச்சா ஒரு பக்கம் ஏ.என்.சி மந்தமாயிடும், பட்ஸ் போச்சுன்னு நினைச்சுடாதீங்க, காஞ்ச மெத்துன்னு பிரஷ் வச்சு தட்டிப் பாருங்க மொதல்ல.

இங்க என் வயித்தெரிச்சல் ஒண்ணைக் கொட்டிடுறேன். மொத மொதல்ல நான் வாங்குன பட்ஸ் பாக்ஸ்ல கொட்டை எழுத்துல நாய்ஸ் கேன்சலேஷன்னு போட்டிருந்துச்சு, பக்கத்துல பொடி எழுத்துல ஈ.என்.சி. கம்பெனி பேர் வேணாம். வந்து போட்டா ஒரு சத்தமும் குறையல, ரெண்டு நாள் செட்டிங்ஸ்ல ஸ்விட்ச் தேடுனேன். ஈ.என்.சிங்கிறது நம்ம பேசுறப்ப நம்ம பின்னாடி இருக்குற சத்தத்தை மைக்ல வடிகட்டி எதிராளிக்கு நல்லா கேக்க வைக்கிறது. ஊருக்கு உபகாரம், நமக்கு ஒண்ணும் இல்ல! பாக்ஸ்ல ஏ.என்.சின்னு எழுத்து இருக்கான்னு பாத்து வாங்குங்க. அதே மாதிரி 50 டெசிபல் வரைக்கும் குறைக்கும்னு போட்டிருந்தா அந்த "வரைக்கும்"ல நில்லுங்க, ஏதோ ஒரு ஃப்ரீக்வென்சில அதிகபட்சமா வந்த நம்பர் அது, எல்லா சத்தத்துக்கும் இல்ல.

ஒயர் வச்ச இன்-இயரை யாரும் இப்ப மதிக்கிறதில்ல, எனக்கு அதுல வருத்தம். 1991ல வந்த எடிமாட்டிக் கம்பெனியோட ஈஆர்4 இன்-இயர்ல மூணு அடுக்கு ரப்பர் டிப், காதுக்குள்ள ஆழமா போகும், 35லேருந்து 42 டெசிபல் அடைக்கும்னு கம்பெனி கணக்கு, பேட்டரி இல்ல, சிப் இல்ல, சும்மா அடைப்புதான். பேச்சு சத்தம், கீபோர்ட் டக் டக் இதெல்லாம் மேல் ஸ்தாயிங்கிறதால இந்த மாதிரி அடைப்புகிட்ட நிறைய ஏ.என்.சி மாடல் தோத்துப்போகும். ஆனா சுகமா இருக்கும்னு சொல்ல மாட்டேன். நடந்தா காலடி தலைக்குள்ள தும் தும்னு இடிக்கும், ஒயர் சட்டைல உரசுனா கரகரன்னு கேக்கும், நம்ம குரலே டிரம்முக்குள்ள பேசுற மாதிரி இருக்கும். உக்காந்த இடத்துல படிக்கிறவங்களுக்கு ஓகே, மீட்டிங் பேசுறவங்களுக்கு வேணாம்.

ஃபோம் பிளக் இருக்குறதுலயே சீப்பு, பாட்டு வராது, தூக்கத்துக்கு இதுக்கு மேல எதுவும் இல்ல. பாக்கெட்ல என்.ஆர்.ஆர் (எத்தனை டெசிபல் அடைக்கும்ங்கிற ரேட்டிங்) 29, 33னு ஒரு நம்பர் இருக்கும், அது லேப்ல வந்த நம்பர், நம்ம போடுற லட்சணத்துல பாதி கூட வராது. விரல்ல உருட்டி உருட்டி சுருக்கம் இல்லாம குச்சி மாதிரி ஆக்கணும், எதிர் கையைத் தலைக்கு மேல சுத்திக் கொண்டுவந்து காதை மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிக்கணும், அப்ப உள்ள வழி நேராகும், அதுல பிளக்கை விட்டு அரை நிமிஷம் விரலால பிடிச்சுக்கணும். பாதி பிளக் வெளில துருத்திட்டு இருந்தா சரியா போகலன்னு அர்த்தம். ஒருக்களிச்சுப் படுக்குறவங்க ஏ.என்.சி பட்ஸ் போட்டுத் தூங்குனா விடியக்காலைல காது வலிதான் மிச்சம், அதுக்கு இது மேல்.

பிளக்கும் போட்டு மேல ஹெட்போனும் மாட்டுனா ரெண்டு நம்பரும் கூடிடும்னு நினைக்காதீங்க. தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்குல ரெண்டு அடைப்பு சேந்தா, அதிகமா இருக்குறதோட இன்னொரு 5 டெசிபல், அவ்ளோதான். காதை எவ்ளோ மூடுனாலும் மண்டை ஓடு வழியா சத்தம் உள்ள போயிட்டுதான் இருக்கும்.

ஏ.என்.சி போட்டா காதுல ஏதோ அழுத்தம், தலை சுத்துற மாதிரி இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க, அது நிஜமாவே சிலருக்கு இருக்கு, அதனால திருப்பிக் குடுக்க முடியுற இடத்துல வாங்குங்க. ரோட்டுல நடக்குறப்ப வெளிச் சத்தத்தை மைக் வழியா உள்ள விடுற ட்ரான்ஸ்பரன்சி மோடுக்கு மாத்திடுங்க. ஏ.என்.சில எனக்குப் பெரிய லாபம்னு தோணுறது வால்யூம்தான். வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபலுக்குள்ள கேக்கணும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது, பஸ்ல சாதா இயர்போன் போட்டு உறுமலைத் தாண்டி பாட்டு கேக்கணும்னா அந்த எல்லையைத் தாண்டாம இருக்க முடியாது. உறுமல் போச்சுன்னா பாதி வால்யூம்லயே எல்லாம் கேக்குது.

ஆக, தினம் ரெண்டு மணி நேரம் பஸ், ட்ரெய்ன், அடிக்கடி ஃப்ளைட்னா பெரிய ஹெட்போன், இல்ல டிப் சரியா பொருந்துற ஏ.என்.சி பட்ஸ், கண்ணாடி போட்டா பட்ஸ் பக்கமே போயிடுங்க. ஆஃபீஸ் பேச்சுதான் எமன்னா ஃபோம் டிப் போட்ட பட்ஸ் கூட பிரவுன் நாய்ஸ். தூக்கத்துக்கு பிளக். சோனியா போஸான்னு சண்டை போட எனக்குத் தெம்பில்ல, மேல்தட்டு மாடல்ல ஒண்ணுக்கொண்ணு இருக்குற வித்தியாசத்தைவிட உங்க காதுல அது உக்காருற விதத்துல வர்ற வித்தியாசம் பெருசு.

பக்கத்து வீட்ல சுவத்துல டிரில் போட்டா? நாலையும் போட்டுப் பாத்துட்டேங்க. பிளக் உள்ள, பெரிய ஹெட்போன் மேல, அதுல பிரவுன் நாய்ஸ், இவ்ளோ பண்ணியும் டிரில் டேபிள் வழியா முழங்கைல ஏறி பல்லுல வந்து நிக்குது. அன்னைக்கு மட்டும் லேப்டாப்பைத் தூக்கிட்டு வெளில போயிடுறேன்.